ஒழுகும் டீசல் டெப்: பழைய டிரக்டர் ஓடும் தோட்டங்களுக்கு

மடுவத்தில் நிறுத்த கொழுந்தை ஸ்டோருக்கு ஏற்றுவது, மலைக்கு உரமூட்டை கொண்டு போவது, விறகு இழுப்பது, மழைக் காலத்தில் லொறி ஏறாத ரோட்டில் சாமான் ஏற்றுவது என்று எல்லா வேலைக்கும் நம் தோட்டங்களில் டிரக்டர்தான். அதிலும் சில தோட்டங்களில் இன்னும் நிற்பது மெஸி பர்கியூசன் 35, 135 போன்ற பழைய சிவப்பு டிரக்டர்கள். 135 மொடல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்தில் 1964 முதல் 1975 வரையில் செய்யப்பட்டது. அதைச் செய்த தொழிற்சாலையையே 2002இல் மூடிவிட்டார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போனபோதும், 1992இல் திரும்பவும் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தபோதும் கைமாறிக் கைமாறி ஓடிய வண்டிகள் இவை. தகப்பன் ஓட்டிய டிரக்டரை மகன் ஓட்டுகிறார்.

இத்தனை வருஷம் ஓடிய வண்டியில் டீசல் டாங்கிக்கு அடியில் இருக்கும் டெப் ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிலர் இதைக் கொக் என்றும் சொல்வார்கள். டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டீசலைத் திறந்து மூடுகிற சின்னப் பித்தளைச் சாமான் அது. அதில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விழத் தொடங்கும். டிரைவர் ஒரு துணியைச் சுற்றிக் கட்டுவார். துணி நனைந்ததும் ஒரு பால்மா டின்னைக் கம்பி போட்டுத் தொங்க விடுவார். அதோடு ஆறு மாதம் ஓடிவிடும்.

நலன்புரிப் பகுதிக்கும் டிரக்டர் டெப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முதல் சம்பந்தம் டீசல் கணக்கு. மாதக் கடைசியில் ஓடிய மணித்தியாலத்துக்கும் ஊற்றிய டீசலுக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் கேள்வி டிரைவரிடம்தான் வரும். "டீசல் எங்கே போனது?" என்று ஆபீசில் நிறுத்திக் கேட்டால், "ஒழுகுதுங்க" என்று சொல்வதைத் தவிர அவர் கையில் ஒன்றும் இருக்காது. ஒழுகிய டீசல் சாட்சி சொல்லாது. திருட்டுப் பட்டம் கட்டினால் அது லயம் முழுக்கப் பரவும், பிள்ளைகளின் காதிலும் விழும். இப்படிப்பட்ட முறைப்பாடுகளை நாம் கேட்டிருக்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு செக்கனுக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைப்போம். ஒரு நாளைக்கு 86,400 செக்கன். டீசல் சொட்டு தண்ணீர்ச் சொட்டை விடச் சிறியது. 40 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர் என்று எடுத்தால்கூட, ஒரு நாளைக்கு 2 லீற்றருக்கு மேல் போகிறது. மாதத்துக்கு 64 லீற்றர். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று சொட்டுக்கு லீவு கிடையாது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் கோட்டுக்கு அளந்து ஊற்றியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் 64 லீற்றர் என்பது எத்தனை நாள் கொழுந்து ஏற்றும் டீசல் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே டெப் ஒழுகுவதைக் கண்ட அன்றே டிரைவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாயந்தரம் வண்டியை நிறுத்தும்போது சுத்தமான டின் ஒன்றை அடியில் வைத்து, விடிய எடுத்து அளக்க வேண்டும். மருந்துப் போத்தலோடு வரும் சின்ன அளவுக் கோப்பை போதும். அதை வேறு எதற்கும் பாவிக்காமல் கராஜிலேயே வைத்துவிட வேண்டும். எத்தனை மணித்தியாலத்தில் எத்தனை மில்லிலீற்றர் என்று லொக் புத்தகத்தில் திகதி போட்டு எழுதி, கராஜ் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது விஷயம் கொழுந்து. தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக் கொள்ளும். வீட்டில் தூள் டின்னைச் சவுக்காரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். டீசல் கையோடு கொழுந்துச் சாக்கைப் பிடிப்பதும், டீசல் சொட்டிய தரையில் சாக்கை இறக்குவதும் ஸ்டோரில் போய் நிற்கும். தூளில் எண்ணெய் வாடை இருந்தால் கொழும்பில் ருசி பார்ப்பவர் ஒரு வாயிலேயே கண்டுபிடித்து விடுவார். மலையில் நம் பெண்கள் இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தது ஒரு வோஷரால் கெட்டுப் போகிறது.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் பெட்ரோலைப் போல் நெருப்புக் குச்சியைக் கண்டதும் பற்றாது என்பது உண்மைதான். ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வரையில் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும். ஆனால் பாரத்தோடு மலையேறும் டிரக்டரில் புகைக்குழாய் தொடங்கும் இடம் 300 பாகையைத் தாண்டிச் சூடாகும். அந்த டாங்கியோ எஞ்சினுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. டெப்பில் சுற்றிக் கட்டும் துணி இன்னும் மோசம். குப்பி லாம்பில் திரி எப்படி வேலை செய்கிறதோ, டீசலில் நனைந்த துணியும் அப்படித்தான். ஒழுக்கை நிறுத்தத் துணி கட்டுகிறவர் உண்மையில் ஒரு திரியைச் செய்து வைக்கிறார்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது

டெப் ஒழுகுகிறது என்று பொதுவாகச் சொல்லுவாங்க. ஆனால் டெப்பில் ஒழுகக் கூடிய இடம் நாலு இருக்கிறது. எந்த இடம் என்று தெரியாமல் எல்லா நட்டையும் இறுக்கினால் நல்லாயிருந்ததும் கெட்டுவிடும்.

முதலாவது, டெப் டாங்கியில் திருகி ஏறும் மரை. இரண்டாவது, கைப்பிடியின் தண்டு டெப்புக்குள் நுழையும் இடம். அங்கே ஒரு சின்ன நட்டுக்குள் கயிறு போன்ற பெக்கிங்கோ, ரபர் வளையமோ இருக்கும். மூன்றாவது, டெப்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் பைப் பூட்டும் நட்டு. நாலாவது, உள்ளே டீசலை அடைக்கிற இருக்கை. இது வெளியே சொட்டாது. டெப்பை மூடினாலும் டீசல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். வெளியே தெரியாததால் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு நாள் பைப் உடைந்தால், அல்லது தீப்பிடித்தால், டீசலை நிறுத்த இருப்பது இந்த ஒன்றுதான். சில வண்டிகளில் டெப்போடு சேர்ந்து அழுக்குத் தேங்கும் கண்ணாடிக் கிண்ணமும் இருக்கும். அப்படியானால் கிண்ணத்தின் வாயில் உள்ள வளையம் ஐந்தாவது இடம்.

டீசல் மெல்லிய எண்ணெய். மேலே கசிந்தது கீழே ஓடி வந்து அடியில்தான் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு டெப்பையும் பைப்பையும் நன்றாகத் துடைத்துக் காய விட்டு, மேலே பிள்ளைகளுக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். சுண்ணாம்புக் கட்டித் தூளும் சரி. கொஞ்ச நேரத்தில் பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ, அதுவும் மேலாக உள்ள இடம் எதுவோ, அதுதான் ஒழுகும் இடம். பிறகு டெப்பை மூடிப் பாருங்கள். மூடியதும் சொட்டு நின்றால் கோளாறு டெப்புக்குப் பிறகு, பைப் பக்கம் அல்லது தண்டுப் பக்கம். மூடியும் நிற்காவிட்டால் பெரும்பாலும் டாங்கி மரை.

தண்டு ஒழுகினால்

நம் வண்டிகளில் அதிகமாக ஒழுகுவது இங்கேதான். காரணமும் எளிது. வருஷக் கணக்கில் டெப்பை யாரும் தொடுவதில்லை. பெக்கிங் காய்ந்து இறுகிப் போகிறது. பிறகு பில்ட்டர் மாற்ற ஒரு நாள் மூடித் திறப்பார்கள். அன்றிலிருந்து சொட்டும். வாரத்துக்கு ஒரு தரம் சும்மாவாவது மூடித் திறந்தால் தண்டு இறுகாது.

தண்டைச் சுற்றியுள்ள சின்ன நட்டை மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். கைப்பிடி திருப்ப முடியாத அளவுக்கு இறுக்கக் கூடாது. அதிலும் நிற்காவிட்டால் பெக்கிங் மாற்ற வேண்டும். டாங்கி டீசலை வடித்துவிட்டு, நட்டைக் கழற்றி, பழைய பெக்கிங்கை வளைத்த கம்பியால் ஒரு துண்டு விடாமல் எடுத்து, கிராபைட் பூசிய பெக்கிங் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி நட்டைப் போட வேண்டும். ரபர் வளையம் உள்ள டெப்பானால் அதே அளவு வளையம். இங்கே ஒரு விஷயம். சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவது நம்மிடையே பழக்கம். டியூபின் ரபர் டீசலில் ஊறினால் ஊதிப் பிய்ந்து போகும். பிய்ந்த துண்டு பில்ட்டரை அடைக்கும். கடையில் கேட்கும்போது எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் வளையம் என்று கேட்டு வாங்குங்கள்.

மூடினாலும் நிற்காத டெப்

கூம்பு மாதிரியான பித்தளைக் கட்டை உள்ளே திரும்பி அடைக்கும் டெப்பில், கட்டைக்கும் கூட்டுக்கும் இடையில் மண் துகள் போய்க் கீறல் விழுந்திருக்கும். டெப்பை முழுதாகக் கழற்றி, கட்டையில் கொஞ்சம் பிராசோ பூசி, கூட்டுக்குள் வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். பொறுமையான வேலை. பிறகு மண்ணெண்ணெயில் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும். தேய்க்கும் பசை கொஞ்சம் உள்ளே நின்றாலும் அது டீசல் பம்புக்குப் போகும். டெப்பைத் திருத்தப் போய்ப் பம்பைக் கெடுத்த கதையாகிவிடும். திருகி இறக்கும் ஊசி வகையில் ஊசி முனையில் பள்ளம் விழுந்திருந்தால் புது டெப் போடுவதே நல்லது. ஒரு புது டெப்பின் விலை ஒரு மாதம் ஒழுகும் டீசலின் விலைக்குப் பக்கத்திலும் வராது. வாங்கப் போகும்போது பழைய டெப்பைக் கையோடு கொண்டு போங்கள். மரையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். வாய்ச்சொல்லில் வாங்கினால் இரண்டு தரம் பஸ் ஏற வேண்டி வரும்.

டாங்கி மரையும் பைப் நட்டும்

டெப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். எஞ்சின் ஆறட்டும். பெட்டரியின் கழித்தல் பக்க வயரைக் கழற்றுங்கள். பீடி, சிகரட் பக்கத்திலேயே கூடாது. டாங்கியில் உள்ள டீசலைச் சுத்தமான கேனில், துணியில் வடிகட்டி இறக்குங்கள். கடைசியில் வருகிற கலங்கலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். நம் குளிர்ப் பிரதேசத்தில் ராத்திரிப் பனிக்கு அரை டாங்கியின் உள்பக்கம் வியர்த்துத் தண்ணீர் அடியில் சேரும். அந்தத் தண்ணீர்தான் டெப்பின் உள்பக்கத்தை அரிக்கிறது. வேலை முடிந்து சாயந்தரமே டாங்கியை நிரப்பி வைத்தால் வியர்வை குறையும்.

பைப் நட்டைக் கழற்றும்போது எப்போதும் இரண்டு ஸ்பெனர். ஒன்றால் டெப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பெனரைப் போட்டுத் திருப்பினால் டெப்பும் சேர்ந்து திரும்பி, டாங்கியின் தகட்டில் ஒட்டிய இடம் வெடிக்கும். பிறகு அது டெப் ஒழுக்கு அல்ல, டாங்கி ஒழுக்கு. பைப்பின் முனையில் உள்ள பித்தளை வளையம் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். நசுங்கினதை இன்னும் இறுக்கிப் பயனில்லை.

டெப்பைக் கழற்றியதும் டாங்கிக்குள் நிற்கும் அதன் வலையைப் பாருங்கள். அதில் துரு, பாசி மாதிரி ஒரு கறுப்புக் களி ஒட்டியிருக்கும். மலையேறும்போது எஞ்சின் மூச்சு முட்டி நிற்பதற்கு இந்த வலையும் ஒரு காரணம். வலை அடைத்துக் கொண்டால் பம்ப் டீசலை உறிஞ்சி இழுக்கும். இழுக்கும்போது தளர்ந்த நட்டு வழியாகக் காற்று உள்ளே போகும். நிற்கும்போது டீசல் வெளியே சொட்டுகிற அதே ஓட்டை, ஓடும்போது காற்றை உள்ளே விடுகிறது. கொழுந்து டிரெய்லரோடு ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் வண்டி பின்னுக்கு வரும். அந்த டிரெய்லரில் ஆட்களை ஏற்றக் கூடாது என்று பல தரம் சொல்லியாயிற்று. ஆனாலும் மழை வந்தால் ஏறத்தான் செய்கிறார்கள்.

டாங்கிக்கும் டெப்புக்கும் நடுவில் செம்பு வோஷர் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். அடுப்பில் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மெதுவாகிவிடும், திரும்பவும் பாவிக்கலாம். இந்தச் சூடாக்கும் வேலையை டிரக்டருக்குப் பக்கத்தில் செய்யக் கூடாது. பைபர் வோஷர் என்றால் புதிதுதான் போட வேண்டும். தண்ணீர் பைப்புக்குச் சுற்றும் வெள்ளை நாடாவைச் சிலர் தாராளமாகச் சுற்றுவாங்க. வோஷரில் அடைக்கிற மரைக்கு நாடாவால் பிரயோசனமில்லை. கூம்பு மரையானால் சுற்றலாம், ஆனால் முனையில் இரண்டு மரையை வெறுமையாக விட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் பிய்ந்த நாடா டீசலோடு உள்ளே போகும்.

பாதி வழியில் டாங்கி மரை ஒழுகத் தொடங்கினால் பழைய டிரைவர்மாருக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். துணி துவைக்கும் கட்டிச் சவுக்காரத்தைப் பிசைந்து ஒழுகும் இடத்தில் அப்புவார்கள். சவுக்காரம் டீசலில் கரையாது, அதனால் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கரையும், அதனால் ஒரு மழையோடு சரி. வண்டியைக் கராஜுக்குக் கொண்டு வந்து சேர்க்க மட்டும் அது போதும்.

டாங்கிக்கு வெல்டிங் வேண்டாம்

இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று அச்சகத்தாரிடம் சொல்லியிருக்கிறோம். டாங்கித் தகடு வெடித்திருந்தால் "டீசலை இறக்கிட்டோம், வெறும் டாங்கிதானே, ஒரு ஒட்டு ஒட்டுங்க" என்று வெல்டிங் கடைக்குக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் டாங்கிதான் ஆபத்து. டீசல் நிறைந்த டாங்கியில் காற்றுக்கு இடமில்லை. வடித்த டாங்கியிலோ சுவரில் ஒட்டிய டீசலும் களியும் மிச்சம் இருக்கும். வெல்டிங் சூடு பட்டதும் அது ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து, டாங்கியே குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன் என்பதும் போதாது. இதில் கையையும் கண்ணையும் மட்டுமல்ல, உயிரையே விட்டவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். டாங்கியைக் கொதி நீராவியால் கழுவி, ஆவி இல்லையென்று சோதித்து ஒட்டும் வசதி உள்ள இடத்துக்கு நிர்வாகம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேறு டாங்கி போட வேண்டும். "நீயே ஒட்டு" என்று யாரும் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். அதற்காக வேலை நிறுத்தினால் நலன்புரிப் பகுதிக்கும் தொழிற்சங்கத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

காற்றை எடுப்பது

டெப்பைப் பூட்டி முதலில் இரண்டு லீற்றர் மட்டும் ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிஷம் பவுடர் நனையாவிட்டால் மிச்சத்தை ஊற்றலாம். இனிக் காற்று எடுக்க வேண்டும். பைப்பைக் கழற்றினால் காற்று போகாமல் இருக்காது, காற்று போனால் டீசல் எஞ்சின் கிளம்பாது. எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி அறுந்து போனதால் டெப்பை மூடி நிறுத்துகிற பழக்கம் உள்ளவர்கள் தினமும் இந்தத் தொல்லையை விலை கொடுத்து வாங்குகிறார்கள். கம்பியை முதலில் மாற்றுங்கள்.

மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சினில் டீசலை உறிஞ்சும் பம்பின் பக்கத்தில் கையால் அடிக்கும் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. பில்ட்டரின் மேல் உள்ள காற்று ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, நெம்புகோலை அடியுங்கள். நுரை வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் ஸ்குரூவை இறுக்குங்கள். பிறகு டீசல் பம்பில் உள்ள காற்று ஸ்குரூக்களையும் அதே மாதிரி. நெம்புகோல் அடிபடாமல் தளதளவென்று இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே அதைத் தள்ளும் பாகம் மேலே நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடித்தால் சரி. கடைசியாக இன்ஜெக்டர் பைப் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரை அடித்து, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். கழற்றி வைத்த பெட்டரி வயரை இதற்கு முன் பூட்டுங்கள். சிந்திய டீசலைத் துடைத்த பிறகே பூட்டுங்கள்.

இன்ஜெக்டர் பக்கம் கையை நீட்ட வேண்டாம். அங்கே டீசல் வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாயும். ஊசி போட்டது போல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் பார்த்தால் நுளம்புக் கடி மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. அதை நம்பி வீட்டில் இருந்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். டிஸ்பென்சரியோடு நிற்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

டின்னில் பிடித்த டீசலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அடுப்புப் பற்ற வைக்க, கறையான் அடிக்க என்று ஒரு மூலையில் வைப்பார்கள். தாகத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் போத்தலின் உருவம்தான் தெரியும். டீசலோ மண்ணெண்ணெயோ குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், விரலை விடுவது எதுவும் வேண்டாம். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால்தான் உயிருக்கு ஆபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

டீசல் பட்ட சாரத்தையும் சேர்ட்டையும் மற்ற உடுப்போடு ஊற வைக்காதீர்கள். பீலியில் வைத்துத் துவைக்கவும் வேண்டாம், கீழ் லயத்துக்காரர் அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்கிறார்கள். கையை மண்ணெண்ணெயால் துடைக்காமல் சவுக்காரம் போட்டுக் கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசினால் தோல் வெடிக்காது. கராஜ் தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைக் கொட்டி ஊற விட்டு அள்ளுங்கள். தண்ணீர் அடித்துக் கானுக்குத் தள்ளினால் அதுவும் போய்ச் சேருவது பீலிக்கும் ஆற்றுக்கும்தான்.

டெப்பைத் திருத்திய அன்று ராத்திரி டிரக்டருக்கு அடியில் ஒரு பழைய பத்திரிகையை விரித்து, நாலு மூலைக்கும் கல் வையுங்கள். விடிய அதில் புள்ளி இல்லாவிட்டால் லொக் புத்தகத்தில் முன்பு எழுதிய மில்லிலீற்றர் கணக்குக்குக் கீழே, திருத்திய திகதியையும் போட்ட சாமானையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.